சின்ன வீட்டில் அடைசல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுமார் 400 சதுர அடி வீடு, நான்கு பேர். வருடத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, அடுக்குகிறீர்கள். கடைசி முறை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு வாங்கி அவற்றிலும் நிரப்பியாயிற்று. மூன்று மாதத்தில் வீடு பழையபடியே. "நாங்கள் சோம்பேறிகளா, இல்லை வீடுதான் போதவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. சோம்பேறிகள் வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டைத் தலைகீழாகப் புரட்ட மாட்டார்கள். வீடு சின்னதுதான். ஆனால் அதே அளவு வீட்டில் நான்கு பேர் நிம்மதியாகப் புழங்குவதையும் பார்த்திருக்கிறேன். அலமாரி, சமையலறைத் தட்டு அமைக்கும் வேலையில் நெடுநாளாக இருப்பதால், பிறர் வீட்டு அலமாரிகளின் உள்ளே எட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம். அடைசல் விடாமல் திரும்பி வரும் வீடுகளில் நான் காண்பது ஒன்றுதான்: அங்கே பொருளை எடுக்க முடிகிறது, திரும்ப வைக்க முடிவதில்லை.

ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி. இரண்டும் அலமாரிக்குள். அலமாரிக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி. வேண்டும் என்றால் நாற்காலியை நகர்த்தி, கதவைத் திறந்து, மேல் பெட்டியை இறக்கி, கீழ்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி எடுத்தே விடுவோம். ஏனென்றால் தேவை நம்மைத் தள்ளுகிறது. வெட்டி முடித்த பிறகு? தேவை தீர்ந்துவிட்டது. அதே வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்யச் சொல்லித் தள்ள யாரும் இல்லை. கத்தரிக்கோல் மேசையிலேயே கிடக்கும். மறுநாள் அதற்குத் துணையாகப் பசை வரும், அப்புறம் ஒரு ரசீது, ஒரு சார்ஜர், பாதி எழுதிய பேனா. மூன்று மாதம் என்று நீங்கள் சொன்ன கணக்கு இப்படித்தான் ஓடுகிறது.

ஆகவே பெட்டி வாங்கியது தவறு என்று சொல்லமாட்டேன். வேண்டாததைக் கழிப்பதற்கு முன்பே வாங்கியதுதான் தவறு. மூடி போட்ட ஆறு பெட்டிகள் வந்ததும், உங்கள் வீட்டில் நிறைய பொருட்களுக்குத் திரும்பிப் போகும் வழி இன்னும் நீண்டுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு ஒழுங்காகத் தெரியும். உள்ளே புழங்குகிறவருக்குத்தான் கஷ்டம்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் தினமும் தொடும் பத்துப் பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். சாவி, சார்ஜர், சீப்பு, கத்தி, துடைக்கும் துணி, மூக்குக் கண்ணாடி என்று எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திரும்ப வைக்க எத்தனை அசைவு தேவைப்படுகிறது என்று எண்ணுங்கள். கதவு திறப்பது ஒன்று, பெட்டியை நகர்த்துவது ஒன்று, மூடி கழற்றுவது ஒன்று, குனிவது ஒன்று. தினசரிப் பொருளுக்கு ஓர் அசைவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதுவும் ஒரு கையால் முடிய வேண்டும். வாரம் ஒரு முறை தொடுவதற்கு இரண்டு மூன்று இருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை எடுப்பதற்கு ஏணி போட்டாலும் பாதகமில்லை. பெரும்பாலான வீடுகளில் இது நேர் எதிராக இருக்கும். விருந்தாளிக்கான பாத்திரங்கள் கண்ணுக்கு நேரே, அன்றாடம் புழங்கும் பாத்திரம் அவற்றுக்குப் பின்னால்.

சரி, அசைவைக் குறைக்க வேண்டும் என்றால் இடம் வேண்டும். இங்கேதான் வேண்டாததைக் கழிப்பது தவிர்க்க முடியாததாகிறது. சின்ன வயதில் எண்களை நகர்த்தி விளையாடும் சதுரப் பலகை ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? நாலுக்கு நாலு கட்டம், பதினைந்து கட்டைகள், ஒரே ஒரு காலி இடம். அந்த ஒரு காலி இடம் இருப்பதால்தான் மற்ற பதினைந்தும் நகர்கின்றன. பதினாறாவது கட்டையையும் அழுத்திச் செருகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. வீட்டிலும் அதேதான். முழுக்க நிரம்பிய தட்டிலிருந்து ஒரு துணியை உருவினால் மீதி நான்கு சரியும். திரும்பச் செருக வேண்டுமானால் நான்கையும் மடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் இழுப்பறையிலும் கால்வாசியாவது காலியாக விடச் சொல்வேன். சின்ன வீட்டில் இருந்துகொண்டு இடத்தைக் காலியாக விடுவதா என்று கேட்பார்கள். அந்தக் காலி இடம்தான் மீதி முக்கால்வாசியைப் பயன்படுத்த விடுகிறது.

ஒரு சின்னக் கணக்கும் பாருங்கள். மூன்றடிக்கு ஒன்றரை அடி பெட்டி ஒன்று தரையில் இருந்தால் நாலரைச் சதுர அடி. உங்கள் வீட்டில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் மேல். அதைத் திறக்க முன்னால் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் இரண்டு மடங்கு ஆகிவிடும். உள்ளே இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய மின்கம்பிகளும் உடைந்த குடையும் என்றால், அவற்றுக்காக வீட்டில் ஒரு மனிதர் உட்காரும் இடத்தை விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வேலையிடத்தை ஒழுங்கு செய்ய ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். அதில் முதல் படி சேயிரி, அதாவது வேண்டாததைப் பிரித்து அகற்றுவது. இரண்டாவதுதான் சேய்ட்டோன், இருப்பதை இடம் பார்த்து வைப்பது. துடைப்பதுகூட மூன்றாவதுதான். வீட்டில் நாம் துடைப்பதில் ஆரம்பித்து அடுக்குவதில் முடித்துவிடுகிறோம். முதல் படி வரவே வராது.

ஏன் வராது? நமக்குச் சொந்தமாகிவிட்ட பொருளை நாம் சரியாக எடைபோடுவதில்லை. 1990-இல் டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதாரணக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். எவ்வளவு கிடைத்தால் விற்பீர்கள் என்று அவர்களிடமும், எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்று குவளை இல்லாதவர்களிடமும் கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க நினைத்தவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் வந்து சில நிமிடங்களே ஆன குவளைக்கே இந்த நிலை என்றால், பதினைந்து வருடம் கூடவே இருந்த குவளைக்கு எப்படி இருக்கும்!

இதனால் "இதை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் வைத்துக்கொள்ளலாம் என்றே வரும். கேள்வியை மாற்றுங்கள். "இது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று காசு கொடுத்து வாங்குவேனா?" வாங்க மாட்டேன் என்றால் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. அதிக விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தாத பொருள் வரும்போது மனம் இன்னும் முரண்டு பிடிக்கும். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை வைத்துக்கொண்டிருப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை, இடமும் சேர்ந்து போகிறது, அவ்வளவுதான்.

"ஒரு நாள் உதவும்" என்பதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், சில சமயம் உண்மையாகவே உதவும். அதற்கு என் அளவுகோல் இது: அந்த ஒரு நாள் வரும்போது, இந்தப் பொருளை அன்றைக்கே பெரிய செலவில்லாமல் வாங்கவோ இரவல் பெறவோ முடியுமா? முடியும் என்றால் போகட்டும். முடியாது என்றால் இருக்கட்டும். பழைய அட்டைப் பெட்டி, கண்ணாடிப் புட்டி, உபரி வாளி எல்லாம் முதல் வகை. அசல் ஆவணங்கள், ஓர் இயந்திரத்தோடு வந்த பிரத்யேகத் திருகு, ஒரே பிரதியாக இருக்கும் புகைப்படம் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகை முழுக்க ஒரு சின்ன பெட்டிக்குள் அடங்கிவிடும், பாருங்கள்.

வேலையை எப்படி ஆரம்பிப்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வீடு முழுவதையும் ஒரே நாளில் இறக்கிப் போடும் முறை பெரிய வீட்டுக்குப் பொருந்தலாம், சின்ன வீட்டுக்கு ஆகாது. பரப்பி வைக்க இடம் ஏது? இரவு பதினொரு மணிக்குக் கட்டில் மேல் மலை போலக் குவிந்திருக்கும், எல்லோருக்கும் தூக்கம் வரும், கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளி அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்துவீர்கள். நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை செய்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் ஒரு முறைக்கு ஓர் இழுப்பறை அல்லது ஒரு தட்டு. முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கி, பிரித்து, துடைத்து, திரும்ப வைத்து, வேண்டாததை வாசலுக்குக் கொண்டுபோய் முடிய வேண்டும். முடியாத அளவு எடுக்காதீர்கள்.

முதல் வாரம் சண்டையே வராத பொருட்களில் கை வையுங்கள். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, எழுதாத பேனா, எந்தக் கருவிக்கு என்று யாருக்கும் தெரியாத சார்ஜர், ஒற்றைக் காலுறை, காலாவதியான மருந்து. ஆச்சரியம் என்னவென்றால் இவை மட்டும் போனாலே இரண்டு தட்டு காலியாகும். யாருக்கும் மனம் வலிக்காது, கையும் பழகும். அடுத்தது ஒரே மாதிரியான பொருட்கள். இவை வீடு முழுவதும் சிதறி இருப்பதால் எண்ணிக்கை தெரியாது. எல்லாக் கத்தரிக்கோல்களையும், எல்லாப் பைகளையும், எல்லாப் போர்வைகளையும் ஓர் இடத்தில் சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒன்பது கத்தரிக்கோல்கள் கிடைத்தன. ஒன்று கிடைக்காதபோதெல்லாம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நினைவுப் பொருட்கள் கடைசியில்தான். அவற்றில் ஆரம்பித்தால் முதல் கடிதத்தோடு அன்றைய வேலை நின்றுவிடும்.

பத்திரமாக வைத்தால் கெடாது என்று நாம் நம்பும் சில பொருட்கள் உண்மையில் கெடும். விளையாட்டுக் காலணிகள் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றின் ஈரம் அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும், காலில் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் நடக்கும். நல்ல நாளுக்கு என்று ஏழெட்டு வருடம் எடுத்து வைத்த ஒரு ஜோடியை ஆசையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெரு முனை வருவதற்குள் அடிப்பாகம் பிஸ்கட் போல உதிர்ந்துவிட்டது. நீளும் இடுப்புப் பட்டை உள்ள துணிகளும் ரப்பர் சாமான்களும் இப்படித்தான். பயன்படுத்தாத கருவிகளில் அல்கலைன் பேட்டரியை விட்டுவைத்தால் ஒருநாள் கசிந்து உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துவிடும். கடையில் தரும் வழுவழுப்பான ரசீதுகளில் பல வெப்பத்தால் அச்சாகிறவை, வெளிச்சமும் சூடும் பட்டு எழுத்து மறைந்துபோகும். உத்தரவாதத்துக்கு வேண்டும் என்றால் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள், வெற்றுத்தாளைக் கோப்பில் பாதுகாக்க வேண்டாம். முகப்பூச்சு, கிரீம் வகைகளில் திறந்த டப்பா படத்துக்குள் '12M' என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று பொருள்.

கழிக்கும்போது இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம். லித்தியம் பேட்டரியை, குறிப்பாக உப்பியிருப்பதை, சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். மருந்துகளைத் திரும்பப் பெறும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் பெயர் தெரியாதபடி அழித்து, மாத்திரைகளை மண் போன்ற எதிலாவது கலந்து, பைக்குள் மூடிக் குப்பையில் சேர்க்கலாம். கழிவறையில் கொட்டாதீர்கள்.

அடுத்து, வீட்டில் உள்ளவர்கள். மற்றவர் பொருளை அவருக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதீர்கள், அது எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும். ஒரு முறை அப்படி நடந்துவிட்டால் அப்புறம் அவர் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொள்வார், பத்து வருடத்துக்கு ஒன்றும் நகராது. எண்ணிக்கை சொல்லிக் கட்டுப்படுத்துவதும் சண்டையில் முடியும். "அப்பா, உங்கள் புத்தகத்தில் ஐம்பதுதான் வைத்துக்கொள்ளலாம்" என்றால் யாருக்கும் கோபம் வரும். "இந்த மூன்று தட்டும் உங்களுடையது, இதற்குள் எதை வைப்பது என்பது உங்கள் இஷ்டம், நாங்கள் தொட மாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். தட்டு நிரம்பியதும் அவரே கழிக்க ஆரம்பிப்பார். பிள்ளைகளுக்கும் இதே முறைதான், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் மூடி இல்லாத பெட்டி, முகப்பில் ஒரு படம். மூடி இருந்தால் பிள்ளைகள் உள்ளே போட மாட்டார்கள். பெரியவர்களே போடுவதில்லையே!

நினைவுப் பொருட்களுக்கு ஒரு வழி. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் பொருள் தானம் கேட்டு இரண்டு வகையாக அறிவிப்பு வைத்தார்கள். ஒன்றில், பிரிய மனமில்லாத பொருளைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்று இருந்தது. இன்னொன்றில் வெறுமனே கொடுங்கள் என்று மட்டும். முதல் வகை அறிவிப்பு வைத்த விடுதிகளில் 613 பொருட்கள் சேர்ந்தன, மற்றவற்றில் 533. நமக்குப் பிரிய மனம் வராதது பெரும்பாலும் அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கும் நினைவைத்தான். படத்தோடு இரண்டு வரிக் குறிப்பும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது, யார் கொடுத்தது, எப்போது என்று. எல்லாவற்றையும் இப்படிப் படமாக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. ஒரு பெட்டி அளவுக்கு நினைவுப் பொருள் எந்த வீட்டிலும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

இடையில் ஒன்று. எதையும், குப்பையைக்கூட, பிரியவே முடியாமல் தவிப்பதும், படுக்கவும் சமைக்கவும் இடமில்லாமல் வீடு நிரம்பிப்போவதும் வேறு விஷயம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 முதல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்துகிறது. வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் நான் இங்கே சொல்லும் எதுவும் உதவாது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கழித்த பிறகு இப்போது அடுக்கலாம். சின்ன இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிராங்பர்ட் சமையலறை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளில் ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு அவர் ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கினார். உலர்ந்த பொருட்களுக்கு, பெயர் எழுதி, கைப்பிடியோடு வெளியே உருவும் அலுமினியத் தொட்டிகள். உருவு, கொட்டு, திரும்பச் செருகு. மூடி கிடையாது. ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது, இதைவிடச் சிறந்த யோசனை அதன் பிறகு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பொருளை வகை பார்த்து வைக்காமல் வேலை பார்த்து வைப்பது. "கருவிகள் எல்லாம் கருவிப் பெட்டியில்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் தபால் பிரிப்பது வாசலுக்குப் பக்கத்தில் என்றால் ஒரு கத்தரிக்கோல் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், சமையலறைக்கு இன்னொன்று. ஒன்பது தேவையில்லை, இரண்டு தேவைப்படலாம்.

உயரத்துக்கு ஒரு விதி: முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் இருக்கும் பகுதி வீட்டிலேயே மதிப்பு மிகுந்த இடம். தினசரிப் பொருள் மட்டும் அங்கே. கனமானவை அதற்குக் கீழே, எடை குறைந்த, எப்போதோ எடுப்பவை மேலே. புத்தகத்தைப் பரணில் ஏற்றாதீர்கள், ஓர் அடுக்குப் புத்தகம் நாம் நினைப்பதைவிடக் கனம். உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு இணைத்துத் திருகி விடுங்கள். சின்னக் குழந்தை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அலமாரியே கவிழும்.

அலமாரியின் ஆழம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. துணி தொங்கவிட இரண்டடி ஆழம் வேண்டும். மற்ற பெரும்பாலான பொருட்களுக்கு ஓரடி போதும். இரண்டடி ஆழத் தட்டில் பொருட்களை வைத்தால் முன்வரிசை மட்டும்தான் கண்ணில் படும், பின்வரிசை அடுத்த வீடு மாறும்வரை வெளியே வராது. ஏற்கெனவே ஆழமான தட்டு இருந்தால் அதில் நீளமான தட்டங்களையோ மூடியில்லாப் பெட்டிகளையோ வைத்து, இழுப்பறை போல வெளியே இழுத்துப் பயன்படுத்துங்கள். நீங்கள் வாங்கிய ஆறு பெட்டிகளின் மூடிகளைக் கழற்றிவிட்டால் பாதி இதற்குப் பயன்படும். துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைவிடச் சிறியதாக மடித்து நிற்க வைப்பது நல்லது. ஒன்றை உருவினால் மற்றது சரியாது.

கட்டிலடி நல்ல இடம்தான், ஆனால் பருவத்துக்கு ஒரு முறை எடுக்கும் போர்வை, கம்பளிக்கு. தினமும் வேண்டியதை அங்கே வைத்தால் தினமும் குனிய வேண்டும், பத்தாவது நாள் நிறுத்திவிடுவீர்கள். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் பருமனைக் குறைக்குமே தவிர எடையைக் குறைக்காது. ஈரத்தோடு மூடிவிட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அட்டைப் பெட்டிகளைத் தரையோடு வைக்க வேண்டாம், ஈரம் இழுக்கும், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் குடியிருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இனி எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த நாற்காலிக்கு வருகிறேன். உட்காருவதற்கு என்று வாங்கி, துணி குவிக்கும் இடமாகிப்போன நாற்காலி. எத்தனை முறை துப்புரவு செய்தாலும் மறுநாளே நிறையும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை போட்ட துணி, இன்னும் துவைக்க வேண்டாம், ஆனால் துவைத்த துணியோடு சேர்க்கவும் மனமில்லை. இந்த மூன்றாவது வகைத் துணிக்கு அலமாரியில் இடமே ஒதுக்கவில்லை. இடம் இல்லாத பொருள் தனக்குத் தானே இடம் தேடிக்கொள்கிறது, அதுதான் நாற்காலி. கதவின் பின்னால் ஆளுக்கு மூன்று கொக்கி அடியுங்கள். நாற்காலி ஒரு வாரத்தில் நாற்காலியாகிவிடும். மூன்றுதான், எட்டு அடித்தால் கதவு திறக்காது.

இதே கண்ணோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கெல்லாம் குவியல் விடாமல் திரும்பி வருகிறதோ அங்கெல்லாம் ஏதோ ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். வாசலுக்குப் பக்கத்தில் சாவியும் பையும் குவிகிறதா? அங்கேயே ஒரு தட்டமும் கொக்கியும் வையுங்கள், அலமாரிக்குள் கொண்டுபோய் வை என்று வீட்டில் உள்ளவர்களைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் காகிதங்கள் குவிகிறதா? இன்னும் வேலை பாக்கி உள்ளவற்றுக்கு ஒரு தட்டம், வைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு ஒரு கோப்பு, மீதி அன்றே குப்பைக்கு. குவியல் எங்கே விழுகிறது என்று வீடே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதன் பேச்சைக் கேட்டு இடத்தை அங்கே அமைப்பது, மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவதைவிட நூறு மடங்கு எளிது.

வெளியே போக வேண்டிய பொருட்களுக்கும் ஓர் இடம் வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை, அதன் மேல் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். "யாருக்காவது கொடுக்கலாம்" என்று கட்டி வைத்த மூட்டை ஒரு வருடமாக மூலையில் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அது கழித்ததில் சேராது. கொடுக்கும்போது நாமே பயன்படுத்தத் தயங்கும் நிலையில் உள்ளதைக் கொடுக்காதீர்கள். கிழிந்ததும் கறை படிந்ததும் துடைக்கும் துணிக்கு, மீதி குப்பைக்கு.

புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்று போக வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். நானும் சில காலம் முயன்றேன், சரிப்படவில்லை. ஒரு பெரிய கூடை உள்ளே வந்ததற்கு ஈடாக ஒரு பேனாவை வெளியே அனுப்பிக் கணக்கை நேர் செய்துகொண்டிருந்தேன்! இடத்தை அளவாக வைப்பதே மேல். காலணித் தட்டு நிரம்பினால் அடுத்த ஜோடி வராது, அவ்வளவுதான். பெரிய பொருள் ஏதாவது வாங்கும் ஆசை வந்தால், அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். நான்கு நாள் அதைச் சுற்றி நடந்த பிறகு பாதிப் பேர் வாங்குவதை விட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் சின்ன அளவாகப் பார்த்து வாங்குகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு இரண்டு தட்டு வீதம். புதிதாக எதுவும் வாங்காதீர்கள், கொக்கிகளைத் தவிர. முடிந்த பிறகு அந்த ஆறு பெட்டிகளில் இரண்டோ மூன்றோ காலியாக மிஞ்சும். ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பரணில் ஏற்றத் தோன்றும். ஏற்றாமல், வாசல் பைக்குப் பக்கத்தில் வைத்து அதே தேதியை எழுதிவிடுங்கள்.